தைரியமாக இருக்கவும்

நெல்லிவாசல்நாடு
13-5-1979

தம்பி சின்னராசுக்கு அக்கா கெங்கம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஓடிப்போனவன் நலமாகத்தான் இருப்பான். நீ திருப்பத்தூரில் ஒரு மரவாடியில் பலகை தூக்குகிறாய் என்று ஜீப்புக்கார சேட்டு சொன்னார். விலாசமும் அவர் கொடுத்ததுதான். கூடப்பிறந்தவனின் விலாசத்தை ஜீப்புக்காரரிடம் கேட்டு வாங்குகிற கதி எனக்கு வந்திருக்கிறது.

உன் மாமா தேன்பாறையிலிருந்து விழுந்து செத்து இன்றோடு பதினெட்டு நாள். பால் தெளிக்கிற அன்றைக்கே உன்னைக் காணோம். சுடுகாட்டிலிருந்து அப்படியே மலை இறங்கிவிட்டாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை. உன் பங்குச் சோற்றை எடுத்து மூடி வைத்திருந்தேன், அசடு.

நேற்று ஊர்க்கூட்டம். உன் மாமாவின் அண்ணன் ரங்கன் எழுந்து நின்று, “வடம் புடிச்சவன் எங்க? அறுந்த வடத்தோட மேல் துண்டு எங்க? அக்காளும் தம்பியும் கூடிப் பேசி எந்தம்பிய முடிச்சிட்டாங்க” என்று கத்தினார். ஒருவரும் அவர் வாயை அடக்கவில்லை.

தேனுக்கு இறங்குகிறவனுக்கு அண்ணன் தம்பி வடம் பிடிக்கக் கூடாது, தொடவும் கூடாது, பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் ஏன் வைத்தார்கள்? அண்ணன் தம்பிக்கு நிலத்தின்மேல் ஒரு கண் இருக்கும். மச்சினனுக்கு அக்காள் தாலியின்மேல் கண் இருக்கும், அவன் கை நழுவாது என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையில்தான் ஏழு வருஷமாக உன் கையில் வடத்தைக் கொடுத்து அவர் இறங்கினார்.

ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். ஆடி பிறப்பதற்குள் நீ வந்து, வடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். வராவிட்டால் குற்றம் பெண் வீட்டார்மேல். சாமைக் காடு ரங்கனுக்குப் போகும். நான் என் மகள் செந்தாமரையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கே போவது? அப்பன் வீட்டுக் கூரை விழுந்து கிடப்பது உனக்கே தெரியும்.

வா. வந்து வாயைத் திறந்து சொல். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கெங்கம்மாள்


திருப்பத்தூர்
27-5-1979

அன்புமிக்க அக்கா அவர்களுக்கு, தம்பி சின்னராசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நான் இங்கு நலம். தாங்களும் செந்தாமரையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்து மிகவும் வருந்தினேன். வருவதற்கு எனக்கும் ஆசைதான். இந்த மாதம் மரவாடியில் லோடு நிறைய இறங்குகிறது. ஒரு நாள் நின்றாலும் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்கிறார் முதலாளி. ஆடிக்குள் எப்படியும் பார்க்கிறேன்.

வடத்தின் மேல் துண்டு எங்கே என்று எனக்குத் தெரியாது. பாறையிலேயே கிடக்கலாம். ரங்கன் மாமா வாய்க்கு வந்தபடி பேசுகிறவர். அவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாமா பயம் என்பதே அறியாத மனிதர். அப்படிப்பட்டவரோடு பத்து வருஷம் வாழ்ந்தவர் நீங்கள். அவர் ஆவி தங்களுக்குத் துணை நிற்கும். எது வந்தாலும் கலங்காமல் தைரியமாக இருக்கவும். செந்தாமரைக்கும் தைரியம் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
சின்னராசு


நெல்லிவாசல்நாடு
5-6-1979

சின்னராசுக்கு,

என்னை எப்போதிருந்து நீங்கள், தாங்கள் என்று கூப்பிட ஆரம்பித்தாய்? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். இந்த மரியாதையெல்லாம் மரவாடிக் கணக்குப்பிள்ளையிடம் கற்றுக்கொண்டாயா? தள்ளி நிற்பதற்கு இது ஒரு நல்ல வழிதான்.

தைரியமாக இருக்கவும் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இந்தச் சொல் எனக்கு ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருக்கிறது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு ஊர்க்கவுண்டர் பெண்டாட்டி குப்பம்மாள், “தைரியமா இரு கெங்கா” என்று தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். ஆஸ்பத்திரித் தாள் கொண்டுவந்தவர் தைரியமா இரும்மா என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தாலி வாங்கின அன்று வரிசையாகப் பதினைந்து பெண்கள் சொன்னார்கள், வரிசையாகப் போனார்கள். இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. போகிறவர்கள் இருக்கிறவர்களுக்குச் சொல்வது அது. நீ திருப்பத்தூர் வரைக்கும் போன பிறகு சொல்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளிக்கூடத்தில் அஞ்சாமை என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? நான் எழுந்து பயமில்லாமை என்றேன். வாக்கியத்தில் அமைத்துச் சொல் என்றதும் பேந்தப் பேந்த விழித்தேன். இப்போது கேட்டால் சொல்லுவேன். ‘அக்காளை நடுத்தெருவில் விட்டவன் அஞ்சாமையை இன்லண்டு கடிதத்தில் ஒட்டி அனுப்பினான்.’ சரியா?

உன் மாமா பயம் அறியாதவர் என்கிறாய். அது ஊருக்கு. தேனுக்குப் போகும் முதல் நாள் அவருக்குச் சோறு இறங்காது. உள்ளங்கை வேர்த்து வேர்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை ஒற்றை வடத்தில் இறங்கிப் பெரிய தேனடையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று, பயம் தெரியாத கோபால்சாமி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைக் காப்பாற்ற வருஷா வருஷம் இறங்கினார். உனக்கும் எனக்கும் தேன் தின்ன அல்ல.

சாமை விதை பானையில் இருக்கிறது. மழை நான்கு தூற்றல் போட்டுவிட்டது. ரங்கன் தினமும் காட்டு வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார். கடிதம் வேண்டாம், நீ வா.

கெங்கம்மாள்


திருப்பத்தூர்
19-6-1979

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டாய். கட்டு. நானும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் இதே தேன்பாறையில் நான் மாமாவிடம், “மாமா, காத்து அடிக்குது, எனக்குப் பயமாகீது, நாளைக்கு எறங்கலாம்” என்று சொன்னேன். அன்றைக்கு இறங்கவில்லை. மறுநாள் இறங்கினார், தேன் எடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. அதற்கு எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? செங்கம் சந்தையில் நடுவில் நிற்கவைத்து, “எம் மச்சானுக்கு ரெண்டு டஜன் வளையல் போடுங்கப்பா, பெரிய கையா பாத்து” என்று வளையல்காரனிடம் கேட்டார். சந்தையே சிரித்தது. எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த பச்சையம்மாவின் அப்பாவும் அங்கே நின்றார். அடுத்த வாரம் அந்தப் பேச்சு நின்றுபோனது. காரணம் என்னவென்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமன் மச்சான் கேலி, அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்வார்களா என்பாய். அந்தக் கேலியைத் தாங்குகிறவனுக்குத்தான் தெரியும். ஊரில் ஒரு வருஷம் எனக்கு வேறு பேரே இல்லை. சின்னப் பையன்கள்கூட வளையல் மாமா என்றார்கள்.

நீயும் அன்றைக்குச் சந்தையில் இருந்தாய், அக்கா. நீயும் சிரித்தாய். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய். நான் பார்த்தேன்.

அதனால் தைரியத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. வர முடியாது. கூட்டத்தில் அத்தனை பேர் முகத்தையும் பார்க்க என்னால் முடியாது.

சின்னராசு


நெல்லிவாசல்நாடு
26-6-1979

சின்னராசு,

சிரித்தேன். வாஸ்தவம். சிரிக்காமல் இருந்திருந்தால் உன் மாமாவுக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் அதற்காகச் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, சிரித்தேன். தப்புதான். கல்யாணம் நின்றது அதனால் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பதில் என் பிள்ளையின் காட்டைப் பிடுங்கிக்கொள்ள விடுவாயா?

சேட்டு நேற்று வந்தார். உன் தகரப் பெட்டிக்குக் கீழே கோணிச் சாக்கில் ஒரு வடத்துண்டு சுருட்டி வைத்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டார். பீடி எடுக்கக் குனிந்தபோது கண்ணில் பட்டதாம். பாறையிலேயே கிடக்கலாம் என்று எனக்கு எழுதினாயே! எதற்கடா பொய்? அந்தத் துண்டில் என்ன இருக்கிறது? கத்தி பட்டிருக்கிறதா?

கூடப்பிறந்தவனைப் பார்த்து இதைக் கேட்கும்படி ஆகிவிட்டது. சாப்பிட முடியவில்லை. நீ கத்தி வைத்திருந்தால் அதையாவது சொல்லிவிடு. இல்லையென்றால் இல்லை என்று சொல்.

ஜூலை பதினைந்து ஞாயிறு, கூட்டம். அதற்கு மேல் தவணை கிடையாது.

கெங்கம்மாள்


திருப்பத்தூர்
8-7-1979

அக்காவுக்கு,

கத்தி இல்லை. செந்தாமரை தலைமேல் அடித்துச் சொல்கிறேன், கத்தி இல்லை.

அன்றைக்குப் பாறை உச்சியில் மரத்தைச் சுற்றி வடத்தைக் கட்டிவிட்டுப் பிரித்துப் போட்டேன். இரண்டு ஆள் நீளம் தள்ளி, கையில் ஓர் இடம் சொரசொரவென்று பட்டது. குனிந்து பார்த்தேன். போன வருஷத் தேன் ஒட்டி ஊறின இடம். எலி கடித்திருந்தது. மூன்று புரியில் ஒரு புரி முழுக்கப் போய், இன்னொன்று பாதி. ரங்கன் மாமாவும் மற்ற இரண்டு பேரும் புகைமூட்டம் போடத் தழை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வடத்தைத் தொடக் கூடாது என்பதால் கிட்டே வரவில்லை. பார்த்தது நான் ஒருவன்தான்.

சொல்ல வாயெடுத்தேன். மாமா இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “இன்னா மச்சான், இந்த வருசமும் கால் நடுங்குதா? வளையல் எடுத்தாந்தியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஒண்ணும் இல்ல மாமா, போங்க” என்றேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. ஒன்றரைப் புரி தாங்கும், இந்த ஒரு தடவை தாங்கிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று மறுபடியும் சொல்லிவிடுவாரோ என்ற பயம், அக்கா. அவர் விழுவாரோ என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

வடம் அறுந்தபோது சத்தம்கூடக் கேட்கவில்லை. கையில் கனம் இல்லாமல் போனது. இப்போதும் பலகையைத் தோளிலிருந்து இறக்கி வைத்ததும் கை லேசாகும்போது எனக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறேன். குடித்திருக்கிறேன் என்று திட்டுகிறார்கள். எல்லோரும் கீழே ஓடினார்கள். உச்சியில் நான் தனியாக நின்றேன். எலி கடித்ததைப் பார்த்தும் அனுப்பினேன் என்று தெரிந்துவிடுமே என்று அந்தத் துண்டை அவிழ்த்துச் சட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அதைச் சேட்டிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துவிடு. ஒரு எழுத்தும் விடாமல் வாசி. செங்கம் சந்தையையும் நான் எழுதின மாதிரியே சொல். காடு உன் கைக்கு வந்துவிடும்.

நான் வரவில்லை. மலைக்குப் போகிற புதூர்நாடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

சின்னராசு


நெல்லிவாசல்நாடு
22-7-1979

சின்னராசுக்கு,

கூட்டம் முடிந்தது. நடந்ததை உனக்கு எழுத வேண்டியது என் கடமை, எழுதுகிறேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் வடத்தை வைத்தேன். உன் கடிதத்தை வாசித்தேன். சந்தைக் கதையையும் விடவில்லை. ‘வளையல் எடுத்தாந்தியா’ என்ற இடம் வந்தபோது ரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்தானே. ஊர்க்கவுண்டர் அந்தத் துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, “கத்தி இல்லப்பா, எலிப்பல்லுதான். பொண்ணு வூட்டு மேல குத்தம் சொல்ல இன்னா இருக்குது?” என்றார். ரங்கன்கூட இடுப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். காடு என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது என் மாமியார் மங்கம்மாள் எழுந்தாள். “எலி எங்க கடிச்சிது? எங்க வூட்டுப் பரண்லதான? பரண்லேர்ந்து வடத்த எறக்கிக் குடுத்தது யாரு?” என்று கேட்டாள்.

வடத்தை இறக்கிக் கொடுப்பது பெண்டாட்டியின் வேலை. ஊருக்கே தெரியும். ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பி, “பயப்படாம சொல்லும்மா. நீ பாத்தியா, பாக்கலியா?” என்றார்.

பார்க்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பரண் இருட்டு. எல்லோரும் நம்பியிருப்பார்கள். மாமியார்கூட நம்பியிருப்பாள். செந்தாமரை என் மடியில் உட்கார்ந்து வடத்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன்” என்றேன்.

ஆமாம், சின்னராசு. நான் பார்த்தேன். உனக்கு இத்தனை கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் பரணிலிருந்து இறக்கும்போதே என் கையில் பட்டது. அடுப்பு வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று தலையைத் தூக்கினேன். ஆனால் தேனுக்குக் கிளம்புகிறவன் எதிரில் பெண்டாட்டி பயம் என்ற பேச்சை எடுத்தால் தேனீ மோப்பம் பிடித்துக்கொண்டு கொட்டும் என்று கல்யாணம் ஆன முதல் வருஷமே சொல்லி வைத்திருந்தார்கள். நான் பேசவில்லை. வடம் பிடிப்பவன் என் தம்பி, அவன் கண்ணில் படாமலா போகும், அவன் சொல்லிவிடுவான் என்று உன் தலையில் கட்டிவிட்டுச் சுருட்டிக் கொடுத்தேன். நீ சொல்லவில்லை என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து உன்னைக் கருவிக்கொண்டிருந்தேன். உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தவரைக்கும் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

“ஏண்டி சொல்லல? எம்புள்ளைய ஏண்டி சொல்லாம அனுப்பின?” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நீங்கதான அத்தே வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க” என்றேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

பெண் வீட்டார் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது, மறைத்திருக்கிறார்கள் என்று தீர்ப்பானது. காடு ரங்கனுக்கு. செந்தாமரைக்குக் கல்யாணம் ஆகும்வரை நான் அந்த வீட்டில் இருக்கலாம், வாசலில் உள்ள இரண்டு புளியமரம் அவளுக்கு. நீ இனிமேல் இந்த மலைநாட்டில் யாருக்கும் வடம் பிடிக்கக் கூடாது. ஊருக்குள் வருவதற்குத் தடை இல்லை.

கூட்டம் கலையும்போது குப்பம்மாள், “இன்னா தைரியம் இவளுக்கு, ஒத்துக்கிட்டாளே!” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பட்டம் எனக்கும் கிடைத்துவிட்டது. பட்டம் வாங்கும்போது என் தொடை ஆடிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். உன் மாமாவுக்கும் ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பாவம், அவர் யாரிடம் போய்ச் சொல்லுவார்.

ஆடி மூன்றாம் தேதி ரங்கன் ஏர் கட்டினார். என் பானையில் இருந்த விதையையே கேட்டு வாங்கிப்போய் விதைத்தார். களை எடுக்கக் கூலிக்கு வருகிறாயா என்று நேற்று ஆள் விட்டார். போகத்தான் வேண்டும். பிள்ளைக்குக் கஞ்சி வேண்டுமே.

நீ எப்போது வேண்டுமானாலும் வா. வராவிட்டாலும் உன்னைத் திட்டி எழுத மாட்டேன், அதற்கு எனக்கு இனி யோக்கியதை இல்லை. ஆனால் வந்தால் மாமாவைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தையும் என் காதில் போடாதே.

ஒன்றைத்தான் ஓயாமல் நினைத்துப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது, இன்றைக்குப் போக வேண்டாம் என்று அன்றைக்கு நீயோ நானோ வாயைத் திறந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? உன்னை நாலு பேர் முன்னால் கேலி செய்திருப்பார். என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பார். ஒரு வாரம் இரண்டு பேரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பார்.

இருந்திருப்பார், சின்னராசு.

கெங்கம்மாள்